டஸ்டர் சாரும் கடைசி பெஞ்சம்மாவும்

இது நடந்த கதை. சத்தியமா நடந்தது. ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. சரி, டிரைவரண்ணே, டீ டம்ளரும் கையுமா நீங்களும் மெக்கானிக்குத் தம்பியும் அப்படி பாக்காதீங்க. குறைக்கலங்கிறது நெசம். கூட்டினது கொஞ்சம் இருக்கும். வெறும் எலும்ப போட்டா நாய்கூட மோந்து பாத்துட்டு போயிடும், மேல கொஞ்சம் சதை வெச்சாத்தான அது கதை. ஆனா எலும்பு அசல் எலும்பு.

அந்தம்மாவுக்கு யுனிவர்சிட்டில வேலை. பாடம் நடத்துற வேலை இல்ல. பாடம் நடத்துறவங்களுக்கு, இன்னும் நல்லா எப்படி நடத்தலாம்னு கூட நின்னு கைகொடுக்கிற வேலை. அதுக்குன்னு மாடிப்படிக்கு கீழ ஒரு ஆபீசு. உள்ள ஒருத்தர் கொட்டாவி விடணும்னா இன்னொருத்தர் வெளிய போகணும், ரூம் அந்த அகலம். ஒரு மேசை, ரெண்டு நாற்காலி. தலைக்கு மேல பசங்க படியேறுறது யானைக் கூட்டம் போற மாதிரி கேக்கும்.

எந்த புரொபசராவது வந்து, "என் கிளாசுல பசங்க தூங்குறாங்கம்மா, என்னன்னு பாருங்க"ன்னா, அந்தம்மா போய் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கும். வாயத் தொறக்காது. வாத்தியாரு மூஞ்சியவிட பசங்க முதுகத்தான் அதிகம் பாக்கும். மூஞ்சி நடிக்கும், முதுகுக்கு நடிக்கத் தெரியாதுன்னு அதோட கட்சி. அப்படியே பேரு கடைசி பெஞ்சம்மான்னு ஆயிடுச்சு. பெத்தவங்க வெச்ச பேரு கையெழுத்து போட மட்டும்தான் உதவுது.

ஒரு கணக்கு வாத்தியாரு இருந்தாரு. "புரிஞ்சுதா?"ன்னு கேப்பாரு, அந்தக் கேள்வி கடைசி பெஞ்சுக்கு போய்ச் சேர்றதுக்குள்ள அடுத்த கணக்குல பாதி தூரம் போயிருப்பாரு. அந்தம்மா சொல்லுச்சு, "சார், கேட்டீங்கன்னா அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம நில்லுங்க. அவ்வளவுதான்." அவரும் மறுநாள் கேட்டுட்டு கல்லு மாதிரி நின்னாரு. கிளாசு கப்சிப். முன்வரிசைப் பொண்ணு பதறிப்போய், "சார், மயக்கம் எதாவது வருதா"ன்னு தண்ணி பாட்டில நீட்டிடுச்சு. அந்தாளு அசரல. கடைசில ஒருத்தன் மெதுவா எழுந்து, "ரெண்டாவது வரியிலயே விட்டுட்டேன் சார்"னான். உடனே கிளாசு மொத்தமும் நானும் நானும்னு. அன்னிக்குத்தான் மனுஷனுக்கு உறைச்சுது, இத்தனை வருஷமா ரெண்டாவது வரிக்கு அப்புறம் நாம சுவத்துக்குத்தான் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கோம்னு.

இதவிட பெரிய வைத்தியம் ஒண்ணு வெச்சிருந்துச்சு. வாத்தியாரையே டீ குடிக்க வெளிய அனுப்பிடும். கதவச் சாத்திட்டு, பசங்கள நாலஞ்சு பேரா கூட்டி உக்கார வெச்சு ரெண்டே கேள்வி. பாடம் மண்டையில ஏற எது உதவுது? எத மாத்தணும்? ஒருத்தன் வயித்தெரிச்சல்ல சொல்றத எடுத்துக்காது. கிளாசே கைதூக்கினாத்தான் போர்டுல ஏறும். யாரு சொன்னாங்கிறது அங்கயே அழிஞ்சிடும். மறுநாள் அந்த வாத்தியாரு ஒருத்தருகிட்ட மட்டும் சொல்லும். நல்லத முதல்ல, மாத்தவேண்டியத அப்புறம். பசங்க சொன்னதுல ஒரு பொட்டு கூட்டாது, குறைக்காது. என்ன மாதிரி இல்ல, நேர்மையான பொம்பளை.

இப்ப வீட்டுக்கு வருவோம். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற வைத்தியரு வீட்டுலயே ஒரு நோயாளி. அந்தம்மா வீட்டுக்காரரு அதே யுனிவர்சிட்டில பிசிக்ஸ் வாத்தியாரு. பசங்க வெச்ச பேரு டஸ்டர் சாரு. வலது கையால ரயிலு மாதிரி எழுதிக்கிட்டே போவாரு, இடது கை பின்னாடியே டஸ்டரோட தண்டவாளத்த பேத்துக்கிட்டே வரும். அவரு மூணு தும்மல் போடுற நேரத்துல போர்டு நெறைஞ்சு காலியாயிடும். காப்பி பண்ண ஒட்டகச்சிவிங்கி கழுத்தும் ஓணான் கண்ணும் வேணும்.

அந்தம்மாவுக்கு தெரியாதா? தெரியும். ஆனா கூப்பிடாத கிளாசுக்கு போறதில்லன்னு ஒரு கொள்கை. புருஷனா இருந்தாலும் கூப்பிடணும். அவரா? "என் கிளாசுக்கென்ன, ஜம்முனு போகுது"ம்பாரு.

ஒரு நாள் சாயங்காலம் மனுஷன் வீட்டுக்கு வந்து ஷூவக்கூட கழட்டாம சோஃபாவுல உக்காந்துட்டாரு. டிபார்ட்மெண்டு தலைவரு கூப்பிட்டு சொல்லியிருக்காரு. முதல் வருஷப் பசங்க கொத்துக் கொத்தா பெயிலு. இந்தத் தடவையும் இப்படியே போச்சுன்னா அந்த கிளாச வேற ஆளுக்கு கொடுத்துட்டு, இவர லேபு சாமான் பாத்துக்க போட்டுடுவாங்களாம். முதல் வருஷப் பசங்கன்னா அவருக்கு உசுரு. பொண்ணு பாக்கப் போற மாதிரி சட்டைய தேய்ச்சு தேய்ச்சு போட்டுட்டுப் போவாரு.

"நாளைக்கு என் கிளாசுக்கு வரியா?"ன்னாரு, ஷூவப் பாத்துக்கிட்டே.

"யோசிச்சுதான் கேக்குறீங்களா?"

"யோசிச்சா கேக்கமாட்டேன். அதான் யோசிக்கல."

"நான் வேண்டாங்க. ஆபீசுல இன்னொரு பொண்ணு இருக்கு, அது பிரசவம் முடிஞ்சு வந்ததும் அனுப்புறேன்."

"அந்தக் குழந்தை நடக்கிறதுக்குள்ள என் கிளாசு போயிடும்டி."

மறுநாள் கிளாசுக்கு போச்சு அந்தம்மா. டஸ்டரு ரயிலு வேகத்துல ஓடுச்சு. பசங்க முதுகெல்லாம் மழையில நனைஞ்ச கோழி மாதிரி கூனிக் கெடந்துச்சு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "சார், நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க"ன்னு வெளிய அனுப்பிட்டு கதவச் சாத்துச்சு. இதுதான் அவரு சம்சாரம்னு பசங்க ஒருத்தனுக்கும் தெரியாது.

முதல் கேள்வி. எது உதவுது? கிளாசு மொத்தமும் ஒரே குரல்ல சிரிச்சுது.

"சாரோட வொய்ஃப் மேடம்."

அந்தம்மா கையில சாக்பீசு. "என்னது?"

"சாரு அவங்க வொய்ஃப உதாரணம் சொல்லுவாரு மேடம். அப்ப மட்டும்தான் புரியும். நிலைமம்னு ஒண்ணு வருதுல்ல, சும்மா இருக்கிறது சும்மாவே இருக்கும், யாராவது தள்ளினாத்தான் நகரும்னு. சாரு சொன்னாரு, என் சம்சாரம் சோஃபாவுல உக்காந்து சீரியல் பாக்கிற மாதிரின்னு. கரண்டு போற வரைக்கும் நகராதாம்."

பக்கத்து கூட்டத்துல ஒரு பொண்ணு எழுந்துச்சு. "சூடா இருக்கிறது முதல்ல வேகமா ஆறும், போகப் போக மெதுவா ஆறும்ல மேடம்? அது அவங்க கோபமாம். பாதி உடனே ஆறிடும், மிச்ச பாதிக்கு ஒரு வாரம் ஆகுமாம். பரீட்சையில அத நெனச்சுத்தான் எழுதினேன். முழு மார்க்கு."

பின்னாடிலேருந்து ஒருத்தன், "அவங்களுக்கு ஒரு கோயிலே கட்டலாம் மேடம்." இன்னொருத்தன், "சாருக்குத்தான்டா கட்டணும், கூடவே குடித்தனம் பண்றாருல்ல."

டிரைவரண்ணே, அவ்வளவு சத்தமா சிரிக்காதீங்க. உங்க வீட்டம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க.

அந்தம்மா காதுல அடுப்பு மூட்டினா ஊருக்கே சோறாக்கலாம், அவ்ளோ சூடு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே. "எத்தனை பேரு இத ஒத்துக்குறீங்க?"ன்னு கேட்டுச்சு. மொத்த கிளாசும் கைதூக்குச்சு. ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கினான். தன் கையாலேயே போர்டுல எழுதுச்சு: சாரின் மனைவி பற்றிய உதாரணங்கள். இன்னும் அதிகம் வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் ஒன்று.

ரெண்டாவது கேள்விக்கு பதிலு ஒரே வார்த்தை. டஸ்டரு.

அன்னிக்கு ராத்திரி வீட்டுல மனுஷன் பூனைக்குட்டி மாதிரி பின்னாடியே சுத்துறாரு. அவரே காபி போட்டாரு, அவரே பாத்திரம் தேய்ச்சாரு. "பசங்க கழுவி ஊத்திட்டாங்களா?"

"ஆபீசு விஷயம் ஆபீசுல."

"ஒரு கோடு காட்டேன்."

"ஆபீசுல."

படுத்தா அந்தம்மாவுக்கு தூக்கம் வரணுமே. டஸ்டர மட்டும் சொல்லிட்டு மத்தத முழுங்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது? இவரு திருந்தி டஸ்டர கீழ வெப்பாரு, நம்ம மானமும் மிஞ்சும். ஆனா கிளாசு மிஞ்சுமா? பசங்க புடிச்சுக்கிட்டு நிக்கிற ஒரே கயிறு அந்த உதாரணந்தான். அது தெரியாம, தலைவருக்கு பயந்து இனிமே பாடத்த மட்டும் பேசுவோம்னு இந்த மனுஷன் கயித்த அறுத்துட்டா? அப்புறம் இத்தனை பேருகிட்ட கூட்டாம குறைக்காம சொன்ன வாயி, சொந்தப் புருஷன்கிட்ட மட்டும் குறைச்சுதுன்னா அந்த மாடிப்படி ரூம்ல எந்த மூஞ்சியோட உக்காரும்?

மறுநாள் அந்த ரூம்ல எதிர் நாற்காலில உக்காந்தாரு. முட்டியும் முட்டியும் இடிக்குது.

"உக்காருங்க சார்."

"என்னடி சாரு மோருன்னு?"

"இங்க எல்லாரும் சாருதான். நல்லது முதல்ல." விளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சியோட மொத்தத்தையும் ஒப்பிச்சுது. சோஃபா, சீரியலு, கோபம், மிச்ச பாதிக்கு ஒரு வாரம். ஒண்ண விடல.

அவரு நாற்காலிய பின்னாடி தள்ளினாரு, சுவத்துல இடிச்சுது. "ஐயோ, அது பாடமே இல்லடி. எழுதி எழுதி கை வலிச்சா, நடுவுல மூச்சு வாங்க எதாவது உளறுவேன். அதெல்லாம் கணக்குல வராது."

"பசங்களுக்கு அதுதான் கணக்கு. நீங்க மூச்சு வாங்கினதுதான் அவங்களுக்கு பாடம். பாடம்னு நீங்க நெனச்சத டஸ்டரு தின்னுடுச்சு."

மனுஷன் தலையத் தொங்கப் போட்டாரு. "இனிமே உன்னப் பத்தி வாயத் தொறக்கமாட்டேன்."

"தொறக்கலன்னா கிளாசு போயிடும். இன்னும் அதிகமா வேணுமாம். ஒவ்வொரு விதிக்கும் ஒண்ணு."

"உனக்கு கோபமே இல்லியா?"

"ஆபீசு நேரத்துல கிடையாது. சாயங்காலம் வீட்டுக்கு வருவீங்கல்ல."

வந்தாரு. என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு நாளா டிவியே போடலயாம், இது நல்லா இருந்துச்சுன்னு. முடிவுல அந்தம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டுச்சு. கிளாசுல சொல்லப் போறத முதல்ல சமையக்கட்டுல சொல்லிக் காட்டணும்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ராத்திரி அந்தம்மா காய் நறுக்கும், அவரு பயந்து பயந்து ஆரம்பிப்பாரு. "எதிரொலிக்கு, நான் ஒண்ணு சொன்னா நீ திருப்பிச் சொல்றத..."

"சரியில்ல. எதிரொலின்னா அதே வார்த்தைதான் திரும்பி வரணும். நான் புதுசா நாலு சேத்துல்ல சொல்றேன். பசங்க குழம்பிடுவாங்க. அதிர்வுக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"நான் கோபத்துல கதவ அறையறது? ஜன்னல் கண்ணாடி ஆடுமே. அதச் சொல்லுங்க. நல்லா புரியும்."

சொன்னதுக்கு அப்புறம்தான், நம்மள நாமளே வித்துட்டோமேன்னு கத்தியக் கீழ வெச்சுட்டு தலையில அடிச்சுக்கிச்சாம். அவரு சிரிக்கல. சிரிச்சிருந்தா இந்தக் கதைக்கு வேற முடிவு. "உன் குறட்டையவிட என் குறட்டை பெருசு, ஒலிக்கு என்னையே வெச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டாரு. அதுவும் நல்ல உதாரணந்தான்னு அந்தம்மா ஒத்துக்கிச்சு.

டஸ்டர கடைசி பெஞ்சுப் பசங்ககிட்ட கொடுத்துட்டாரு. அவங்க எழுதி முடிச்சு கொண்டுவந்து கொடுத்தாத்தான் அழிக்கலாம். டிபார்ட்மெண்டு தலைவரு ஒரு நாள் வந்து உக்காந்தாரு, அன்னிக்கு கதவு அறையற பாடம். சிரிச்சு சிரிச்சு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. பரீட்சை முடிஞ்சப்போ கிளாசு டஸ்டர் சாருகிட்டயே இருந்துச்சு. அந்தம்மா இப்பவும் வாரம் ஒருநாள் அங்க கடைசி பெஞ்சுல உக்காருது, தன்னோட கதைக்கு பசங்க முதுகு எப்படி நிமிருதுன்னு பாத்துக்கிட்டு.

"இதுல என்ன தப்பு?"ன்னாரு டிரைவரண்ணன். "நல்ல காரியத்துக்குத்தான பொண்டாட்டியப் பத்தி பேசினாரு."

"நல்ல காரியமா?"ன்னு அவரு வீட்டம்மா திரும்புச்சு. "நானா இருந்தா டஸ்டர மட்டும் சொல்லிட்டு எழுந்து வந்திருப்பேன். லேபுல போய் சாமான் தொடைக்கட்டும்."

"அந்தப் பசங்க பாவம்ல அக்கா?"ன்னான் மெக்கானிக்கு.

"நீ சும்மா இரு. ஏங்க, அது இருக்கட்டும். நீங்க ஷெட்டுல என்னப் பத்தி என்ன பேசுவீங்க?"

"நானா? ஒண்ணுமே இல்லியே."

"ஹாரன் கதைய நான் யாருகிட்டயும் சொல்லல அக்கா, சத்தியமா"ன்னான் மெக்கானிக்கு.

"எந்த ஹாரன் கதை?"

"டேய், உன்ன யாருடா கேட்டா?"

"அவனை ஏன் திட்டுறீங்க? எந்த ஹாரன்? யாரு ஹாரன்? இப்ப சொல்றீங்களா இல்ல நான் எழுந்து..."

"அடியே, டம்ளரக் கீழ வெய்யி. முதல்ல டம்ளரக் கீழ வெய்யி."