மடியில் வைத்த பை

மாமியின் மண்ணிற ரெக்சின் பையைப் பார்த்து அழகென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒரு பக்கச் சிப் போய்விட்டது. பிடியைச் சுற்றிக் கறுப்பு டேப். இருந்தும் கொழும்பின் காலி வீதியில் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் என் மடி அந்தப் பையின் பாரத்தைத் தேடும்.

மாமி என் கணவரின் தாய். கொட்டாஞ்சேனைக்காரி, தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். நானோ வெள்ளவத்தைச் சைவ வீட்டுப் பிள்ளை. எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. அந்தக் கோபம் தீராத காலத்தில்தான் நான் கர்ப்பமானேன். ஐந்தாம் மாத ஸ்கானைப் பார்த்த டொக்டர், பிள்ளையின் மண்டை ஓடு வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார். அப்படியென்றால் இப்போதே கலைத்துவிட முடியாதா என்று கேட்டேன். தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டுமே சட்டம் விடும், உங்களுக்கு அப்படியொன்றும் இல்லை என்றார். நான் சுகமாக இருந்ததுதான் என் குற்றம்! செய்தி கேட்டு வந்த மாமியும் சட்டத்தின் பக்கம்தான் நின்றார். “ஆண்டவர் தந்ததை நாங்கள் எடுக்கேலாது, மகள்” என்றார். அன்றைக்கு அவர் முகத்தையே பார்க்கப் பிடிக்கவில்லை எனக்கு.

ஆனால் அடுத்த கிளினிக் நாள் காலையில், கேட்காமலே பையோடு வாசலில் வந்து நின்றார். பஸ்ஸில் என்ன நடக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயிற்றைக் கண்டதும் எழும்பி இடம் தருவார்கள்; தந்த கையோடு கேள்வியும் வரும். எத்தனையாம் மாசம்? தலைப்பிள்ளையோ? வயிறு கூராக் கிடக்கு, பெடியன்தான்! நல்ல மனுசர்கள், பாவம். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டு விம்மினேன். மாமி பையைத் தூக்கி என் மடியில் நிமிர்த்தி வைத்து வயிற்றை மறைத்தார். பிறகு கேள்வி கேட்ட அம்மாவிடம் திரும்பி, பாரை மீன் விற்கிற விலையைப் பற்றித் தொடங்கினார். அப்பப்பா, என்ன கதை! தமிழில் தொடங்கிச் சிங்களத்துக்குத் தாவி, கண்டக்டரையும் இழுத்து, இறங்குமிடம் வரும்வரை விடவில்லை. பிறகு ஒவ்வொரு கிளினிக்குக்கும் அதே பை, அதே பாரை மீன். அந்த நாட்களிலும் எனக்குச் சிரிப்பு வந்திருக்கிறது என்றால் அது மாமியால்தான்.

மகள் பிறந்து ஒரு மணித்தியாலம்கூட இருக்கவில்லை. மூச்சு இருக்கும்போதே நர்ஸ் மாமியை உள்ளே விட்டார். பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, ஃபாதருக்குக் காத்திராமல் மாமியே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பிறகு என் தலையை நெஞ்சோடு அணைத்து, “உன்னைச் சுமக்க வைச்சிட்டம், மகள்” என்று அழுதார்.

பின்னர் சட்டத்தைத் தளர்த்தப் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. தொலைக்காட்சியில் மேசையைச் சுற்றியிருந்து வாதாடிய அத்தனை பேரும் ஆண்கள். மாமியின் தேவாலயத்தில் பூசை முடிய, ஃபாதர் எதிர்ப்பு மனுவோடு வாசலில் நின்றார். மாதர் சங்கத் தலைவி என்று மாமியிடம்தான் முதலில் பேனையை நீட்டினார். மாமி வாங்கவில்லை. “பாவமெண்டுதான் இப்பவும் நினைக்கிறன், ஃபாதர். ஆனா அந்த மாசமெல்லாம் நீங்கள் எங்களோட பஸ்ஸிலை வரேல்லையே” என்றார். பின்னால் நின்ற பெண்களில் சிலர் கையெழுத்துப் போடாமலே மெல்ல நழுவினார்கள். கொஞ்ச நாளில் தலைவிப் பதவி போயிற்று. “போகட்டும், எனக்கு நித்திரை மிச்சம்” என்று சிரித்தார். ஆனால் பீடத்துக்குப் பூ வைக்கும் வேலையும் பறிபோனதில் அவருக்கு உள்ளூர நோவு. எனக்குத் தெரியும்.

சட்டம் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. பேசுகிறார்கள், பயப்படுகிறார்கள், தள்ளிப் போடுகிறார்கள். மாமி இப்போது வெள்ளவத்தையில் எங்களோடு. முழங்கால் வருத்தத்துக்குக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப் போகிறேன். போன கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண் ஏறினாள். நான் எழும்பி இடம் கொடுக்க, மாமிக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். முன் இருக்கை அம்மா உடனே திரும்பி, “எத்தனையாம் மாசம், பிள்ளை?” என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமாக இருக்கலாம், அவளுக்கு ஒரு குறையும் இல்லாமலும் இருக்கலாம். மாமி அதையெல்லாம் யோசிக்கவில்லை.

“இதை ஒருக்காப் பிடியுங்கோ பிள்ளை, எனக்கு முழங்கால் நோகுது” என்று பையை அவள் மடியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு முன் இருக்கையின் பக்கம் குனிந்து கேட்டார்:

“பாரை மீன் இப்ப என்ன விலை விக்குது தெரியுமே?”