கையால் சொன்ன கவிதை

அந்தத் தெருவில் அவளுக்குக் கைப்பேச்சுக்காரி என்றுதான் பெயர். அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாயால் பேசப் பழகிய வயதிலேயே அவள் கையாலும் பேசப் பழகிவிட்டாள். சின்ன வயதில் இரண்டு பேரும் போட்ட சண்டை இருக்கிறதே, அப்பப்பா! சத்தமே வராது, ஆனால் அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடும். அந்தக் கைச்சண்டைதான் பின்னால் அவளுக்குச் சோறு போட்டது. ஆஸ்பத்திரி, கோர்ட், பேங்க் என்று எங்கே கூப்பிட்டாலும் போவாள். பேசுகிறவர் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் காது கேளாதவர்களுக்குக் கையால் சொல்வாள்.

நூலகத்தில் வருஷத்துக்கு ஒரு வாசிப்புக் கூட்டம் நடக்கும். ஒரு கதை, ஒரு கவிதை. எழுதியவர்களே வந்து வாசிப்பார்கள். முன்வரிசை அண்ணனுக்கும் காது கேளாத அவன் கூட்டாளிகளுக்கும்; அவர்களுக்குக் கையால் சொல்வது இவள். இந்த முறை செயலாளர் போனில் இழுத்து இழுத்துப் பேசினார்.

"கதைக்கு மட்டும் நீங்க வந்தா போதும்மா. கவிதைன்னா ஓசை இல்லையா? பாவம், அவங்களுக்குப் போன வருஷமும் ஒண்ணும் புரியலை."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் பாதி உண்மை, அதனால்தான். போன வருஷம் முன்வரிசை கொட்டாவி விட்டதை அவளே பார்த்தாள்.

"இன்னும் ஒரு தரம் குடுங்க சார். இதுவும் சரியா வரலைன்னா நானே விட்டுடறேன்" என்றாள். வீம்புதான், வேறென்ன? போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இவள் சொதப்பினால் அந்த வரிசைக்கு இனிமேல் கவிதையே கிடையாதே!

கவிதை முன்கூட்டியே கைக்கு வந்தது. நாலே வரி.

மூடிய கதவு,
மூடிய ஜன்னல்,
மூடிய வாய்.
உள்ளே மழை.

அண்ணன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். சாப்பாட்டு நேரம் பார்த்துப் போய் அவன் முன்னால் நின்றாள். ஒரு பெண் வீட்டுக்குள் தனியாக இருக்கிறாள், எல்லாவற்றையும் மூடிவிட்டாள், அழுகிறாள் என்று கையால் சொன்னாள்.

அண்ணன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கையாலேயே கேட்டான். "யார் அவ? புருஷனோட சண்டையா? அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் ஒண்ணும் ஆகலை."

"பின்னே எதுக்கு என்கிட்ட சொல்றே?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாத்திரம் துலக்கும்போது யோசித்தால், தப்பு அவன்மேல் இல்லை. அவள் கதையல்லவா சொல்லியிருக்கிறாள்! கதைக்கு ஆள் வேண்டும். வலது பக்கம் மாமியார், இடது பக்கம் மருமகள் என்று காற்றிலேயே ஆளுக்கோர் இடம் போட்டு உட்கார வைப்பாள். தோளைத் திருப்பினால் ஆள் மாறும். ஒன்று நடக்கும், அதனால் இன்னொன்று நடக்கும். பார்க்கிறவன் 'அப்புறம்?' என்று கேட்டால்தான் கதை பிழைக்கும். இந்த நாலு வரியில் ஆளே இல்லை. இவளாக ஒருத்தியை இழுத்து வந்து, அழவும் வைத்துவிட்டாள். கவிஞர் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லித் தொலைத்தாயிற்று. மூன்று தரம் வருகிற 'மூடிய' என்பதைக் கோட்டை விட்டாயிற்று. காதுக்கு அது ஓசை. கைக்கு என்ன?

மறுநாள் மறுபடி பட்டறை. விரித்த கை மெல்ல மடங்கியது, அது கதவு. அதே கை, அதே வேகத்தில் மடங்கியது, அது ஜன்னல். அதே கை உதட்டருகே வந்து மடங்கியது. கவிஞர் வரிக்கு வரி இடம் விட்டிருக்கிறாரே, அங்கெல்லாம் அவள் கையும் சும்மா நின்றது. கடைசியில் நெஞ்சின் மேல் விரல்கள் சொட்டுச் சொட்டாக இறங்கின.

அண்ணன் யார் என்று கேட்கவில்லை. "இன்னொரு தரம் காட்டு" என்று மட்டும் கேட்டான்.

கூட்டத்தன்று கதை அமர்க்களமாகப் போனது. முன்வரிசை சிரித்த சிரிப்பில் எழுத்தாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்துக் கவிதை. நாலு வரியும் முடிந்தது, முன்வரிசையில் ஒரு கை அசையவில்லை. போச்சு, மானம் போச்சு என்று நினைத்தாள். அப்புறம்தான் அத்தனை கைகளும் மேலே எழுந்து படபடவென்று ஆடின. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். செயலாளரும் கையைத் தூக்கி ஆட்டினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது அண்ணன் எழுந்தான். யாரும் கூப்பிடவில்லை. நேரே மேடை ஏறி, கூட்டத்தைப் பார்த்து நின்று, கையால் சொல்ல ஆரம்பித்துவிட்டான். விரல்கள் துடித்துத் துடித்து எழுந்தன. மூன்று தரமும் அதே விரல்கள். பிறகு இரண்டு கைகளும் அசையாமல் நின்றன.

காது கேட்கிறவர்கள் அத்தனை பேரும் திருதிருவென்று அவளைப் பார்த்தார்கள். "என்னம்மா சொல்றார்?" என்றார் செயலாளர்.

யார், எங்கே, ஏன் என்று அவள் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. மைக்கைப் பிடித்து, அவன் கை நின்ற இடத்திலெல்லாம் நின்று சொன்னாள்.

பறக்கும் பொறி,
பறக்கும் பறவை,
பறக்கும் கை.
நிற்கிறேன் நான்.

கவிஞர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "யாரும்மா எழுதினது?"

அவள் வாழ்நாளில் அத்தனை பெருமைப்பட்டதில்லை.

"யாரும் எழுதலை சார். இப்பத்தான் சொன்னார். எங்க அண்ணன்!" என்று மைக்கிலேயே கத்தினாள்.