கட்டைவிரலுக்கு எத்தனை நட்சத்திரம்

அன்றைக்கு அடையாற்றில் அந்தக் கார் ஷோரூமில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, அவளுடைய அக்கா, எங்கள் ஐந்து வயது மகள், எங்களுக்குக் கார் காட்டிய இளம்பெண். ஆக ஐந்து பேர். கணக்கில் சேராத ஆறாவது ஆள் ஒருவர் என் தலைக்குள் இருந்தார். மஞ்சள் முகம், கன்னத்தில் கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வட்டம், கண் வாய் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. காரைக் கொண்டுபோய் மோதவிட்டுச் சோதிக்கும்போது உள்ளே ஒரு பொம்மையை உட்கார வைப்பார்களே, அது. அந்த வருஷம் என் வீட்டு ஆட்களுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்த்த முகம் அதுதான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மீன் அங்காடி வாசலில் ஐஸ் கடை வைத்திருக்கிறேன். என் மனைவியும் அக்காவும் உள்ளே ஒரே கடையில் சேர்ந்து மீன் விற்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் மயிலாப்பூர் பக்கத்து வாடிக்கை குறைவு என்பதால் அந்த நாளாகப் பார்த்துக் கிளம்பியிருந்தோம். கார் வேண்டும் என்று கேட்டவன் நான். முன்பணம் அவர்களுடையது, இரண்டு பேரும் சேர்ந்து சீட்டுக் கட்டி எடுத்தது. எனவே அக்கா சரி என்று சொன்னால்தான் கார். அவர் சொல்லாவிட்டால் நான் எத்தனை வீடியோ பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

நான் கேட்டதற்குக் காரணம் ஒரு நாய். அதற்கு முந்தின வருஷம் வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்துப் போனோம். திண்டிவனம் தாண்டி அது குறுக்கே ஓடியது, டிரைவர் பிரேக்கை மிதித்தார். மகள் அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் இடம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா மடி என்றால் வீட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்த கைகளிலிருந்து பிள்ளை எப்படி நழுவினாளோ, முன் சீட்டுக் கம்பியில் போய் நெற்றி பட்டது. புருவத்துக்கு மேலே இன்றைக்கும் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. மாதா காப்பாற்றினாள் என்று வேனில் எல்லோரும் சொன்னார்கள்.  அதற்குப் பிறகு அக்கா எதிரில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. பிள்ளைக்குப் பவுடர் பூசும்போது மட்டும் அந்த இடத்தில் அவர் கை கொஞ்சம் நின்று போகும்.

நான் இயல்பிலேயே பயந்தவன். காஸை மூடினேனா, கடை மெஷின் சுவிட்சை அணைத்தேனா, பிள்ளைக்குச் சளி நெஞ்சில் இறங்குகிறதா என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. ஆனால் மற்ற பயங்களைப் போல இது வெறும் நினைப்பாக நிற்கவில்லை. போனைத் தட்டினால் கண் முன்னால் ஓடியது.

மத்தியானம் கடையில் கூட்டம் வடிந்ததும், சாக்கு போர்த்திய ஐஸ் பாளத்தின் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கார் ரிவ்யூ பார்ப்பேன். ஒரு பையன் காதைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சாத்திச் சாத்திப் பார்ப்பான். டப் என்று கேட்டால் சந்தோஷப்படுவான், டங் என்று கேட்டால் முகம் சுருங்கும். இன்னொருவர் மைலேஜ், சர்வீஸ் செலவு, திருப்பி விற்றால் என்ன வரும் என்று காசுக்கணக்கிலேயே ஊறிப்போனவர். மழைத்தண்ணீரில் எவ்வளவு ஆழம் வரைக்கும் போகும் என்று கேட்டுச் சொல்லும் ஒரே ஆளும் அவர்தான். மூன்றாமவர் கண்ணாடி போட்டவர், வாத்தியார் மாதிரி இருப்பார். பாதுகாப்புக்கு இவ்வளவு, இடத்துக்கு இவ்வளவு, கொடுக்கிற காசுக்கு இவ்வளவு என்று பத்துக்கு மார்க் போடுவார். அவர் மார்க் போட வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ஸ்டூலில் நிமிர்ந்து உட்காருவேன், ஏதோ என் பேப்பரைத்தான் திருத்துகிற மாதிரி.

அவரிடம்தான் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டேன். காரை மோதவிட்டுப் பார்க்கிற சோதனையில் பெரியவர்களுக்குத் தனி நட்சத்திரம், பிள்ளைகளுக்குத் தனி நட்சத்திரம். அப்பனுக்கு நான்கு வாங்கிய கார் பிள்ளைக்கு இரண்டு வாங்கியிருக்கலாம். இதைக் கேட்டதிலிருந்து ரோட்டில் போகிற கார்களையெல்லாம் நான் இரண்டு தடவை பார்க்கத் தொடங்கினேன். முன் சீட்டு ஒரு தடவை, பின் சீட்டு ஒரு தடவை.

பிறகு சோதனை வீடியோக்கள் வந்தன. அவற்றைச் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். வெள்ளை வெளிச்சம் நிறைந்த ஒரு பெரிய கொட்டகை. அதில் கார் யாருக்கும் அவசரமில்லாத மாதிரி மிதந்து வரும். சுவரைத் தொட்டதும் அதன் மூக்கு துணி மாதிரி மடிப்பு மடிப்பாக உள்ளே போகும். கண்ணாடி தூளாகி, நான் சல்லடையில் அள்ளி வீசுகிற ஐஸ் மாதிரி, கீழே விழ மனமில்லாமல் அந்தரத்தில் நிற்கும். பொம்மை தலையைக் குனிந்து, எங்கிருந்தோ பூத்த வெள்ளைப் பையில் முகத்தைப் புதைக்கும். பின்னால் தனக்கென்று ஒரு சின்ன சீட்டில், முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையைப் போல, குட்டிப் பொம்மை ஒன்று வாருக்குள் உட்கார்ந்திருக்கும். அது முன்னே வரும், கைகள் இரண்டும் தூக்கத்தில் போல மேலே எழும், பிறகு பின்னே போய் உட்கார்ந்துகொள்ளும். எங்கும் போகாது. அந்தப் போகாமல் இருப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கையிலிருந்த போனில் தண்ணீர்த் துளி சொட்டும், ஐஸிலிருந்து சொட்டியது என்று துடைத்துக்கொள்வேன்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டு கார்களில் வந்து நின்றேன். முதலாவதை முந்தின வாரம் தி.நகர் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பெரிய திரை, பின்னாலும் ஏசி, விலையும் குறைவு. காசுக்கணக்குக்காரர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஆனால் வாத்தியார் பிள்ளைக்கான நட்சத்திரத்தைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். அக்கா அந்தக் காரைச் சுற்றி வந்து பானெட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தகடு கல் மாதிரி நின்றது. "இது நல்லா கீது" என்றார்.

அக்காவின் கட்டைவிரலைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஏலத்தில் கூடையை இறக்கியதும் மீனின் முதுகில் அந்த விரல் போய் ஒரு அழுத்து அழுத்தும். குழி விழுந்து நின்றால் அந்தக் கூடை வேறு ஆளுக்கு. உடனே திரும்ப எழும்பினால் எங்களுக்கு. பப்பாளி, சோபா, சொந்தக்காரப் பையனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த அதிரசம் எல்லாவற்றுக்கும் அந்த விரல்தான் தீர்ப்பு. யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

அடையாற்றில் இரண்டாவது கார் நின்றது. நீல நிறம். ஆறு காற்றுப்பை, பிள்ளை சீட்டை மாட்ட இரும்புக் கொக்கி, அப்பனுக்கும் பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு நட்சத்திரம். நட்சத்திரம் வாங்கிய மாடலும் விற்கிற மாடலும் ஒன்றுதானா என்று நான் அந்தப் பெண்ணை மூன்று விதமாகக் கேட்டேன். மூன்று தடவையும் பொறுமையாக ஆமாம் என்றாள். அதற்குள் அக்கா முன்பக்கம் போய் விரலை வைத்துவிட்டார். தகடு மெல்ல உள்ளே போய் மெல்ல வெளியே வந்தது.

"அமுங்குது" என்றார். "முந்தாநேத்து புடிச்ச மீனு."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வேர்த்தது. முன்பக்கம் நசுங்கினால்தான் மோதுகிற வேகம் அங்கேயே செலவாகும், உள்ளே இருக்கிற கூண்டுதான் கெட்டியாக இருக்க வேண்டும், வெளித்தகட்டை அழுத்திப் பார்த்து ஒன்றும் தெரியாது என்று வாத்தியார் சொன்னதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். கொட்டியது எனக்கே விளங்கவில்லை.

"நசுங்கறதுக்கா ஒரு லட்சம் ஜாஸ்தி குடுக்கணும்?" என்றார் அக்கா. "நசுங்காத வண்டிய பாத்துட்டு வந்துகீறோம். அத்த வுட்டுட்டு இத்த எதுக்கு வாங்கணும், சொல்லு."

 அதுவரை மகளுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தாமலே பேசினாள். காசிமேட்டிலிருந்து வரும்போது தெர்மோகோல் பெட்டி ஒன்று வண்டியிலிருந்து ரோட்டில் விழுந்த கதையை ஞாபகப்படுத்தினாள். மூலையெல்லாம் நொறுங்கிப் பெட்டி குப்பைக்குத்தான் போனது. உள்ளே ஐஸுக்கு நடுவில் வஞ்சிரம் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அதே நாள் விழுந்த இரும்புக் கூடைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதில் இருந்த சங்கராதான் கூழாகிவிட்டது.

"பொட்டி நசுங்குனா நசுங்கட்டும் யக்கா" என்றாள். "உள்ள கீற மீனு எப்டி கீதுன்றதுதான கணக்கு."

 ஓட்டிப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சாவியைக் கொடுத்தாள்.

நான் ஓட்டினேன், அந்தப் பெண் பக்கத்தில். பின்னால் சகோதரிகள் இருவரும். மகள் யாரும் சொல்லாமலே பெரியம்மா மடியில் ஏறிக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அதற்குப் பதில் மெதுவாகப் போனேன், பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கிற அளவுக்கு. பாலத்தின் மேல் ஏறியதும் ஜன்னல்கள் மூடியிருந்ததால் ஊர்ச் சத்தம் முழுக்க எங்கோ கீழே இறங்கிப்போன மாதிரி இருந்தது. கீழே ஆறு நகராமல் கிடந்தது. கடல் பக்கத்தில் வெயில் பால் போல வெளுத்திருந்தது, அதில் இரண்டு மூன்று பறவைகள் எங்கும் போகாமல் நின்றன. வீடியோவுக்குள் வந்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது. சுவர் எங்கே இருக்கிறது என்று கண் தேடியது.

சுவர் வரவில்லை, ஒரு ஆட்டோ வந்தது. கை காட்டாமல் இடமிருந்து வலமாக வெட்டியது. நான் பிரேக்கில் கால் வைத்தேன், கொஞ்சம்தான். வண்டி பிசகாமல் நின்றது. நடுக்கண்ணாடியில் பார்த்தேன். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள், ஊஞ்சல் என்று நினைத்திருப்பாள். அக்காவின் இரண்டு கைகளும் அவள் வயிற்றைச் சுற்றிப் பூட்டியிருந்தன, விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. ஷோரூம் வந்து வண்டியை நிறுத்திய பிறகும் அந்தக் கைகள் உடனே பிரியவில்லை.

இறங்கியவர் காரைப் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவர் ஓரமாக, விற்பனைக்கு என்று ஒரு பிள்ளை சீட்டை வைத்திருந்தார்கள். நேராக அதனிடம் போனார். ஓரத்தில் விரலை வைத்தார். மெத்தை உள்ளே போனது, விரல் நகம் வரைக்கும் புதைந்தது. எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார்.

"இது இன்னா வெல?"

பதினான்காயிரம் என்றாள் அந்தப் பெண். காரோடு சேராது, தனி. அக்கா பேரம் பேசிப் பார்த்தார், ஐநூறுகூடக் குறையவில்லை. வாழ்க்கையிலேயே அவர் பேரத்தில் தோற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் மீன் கடைக் குரலாக இல்லை.

"என் கை பத்தல தம்பி. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

என் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கார்களைப் பார்க்கிற மாதிரி நகர்ந்துபோனாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இல்லைக்கா, யார் வைத்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும், வாத்தியார்கூடச் சொல்லியிருக்கிறார், மனுஷர் கையால் முடியாது என்று, இப்படி என்னவோ உளறினேன். அவர் கேட்டுக்கொண்டாரா தெரியாது. இடுப்பிலிருந்து பையை எடுத்து, மீன் வாசனை போகாத நோட்டுகளாகப் பதினான்கு ஆயிரத்தையும் எண்ணி மேசை மேல் வைத்தார். நீலக் காரைப் பார்த்துத் தலையை ஒரு தடவை ஆட்டினார். அதுதான் சம்மதம். நான் பதறிப்போய், பிள்ளை சீட்டுக்கான காசை நான் திருப்பித் தந்துவிடுகிறேன் என்றேன். தா என்றார்.

மாதா கோயிலில் சாமியார் காருக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்த அன்றைக்கே அந்த சீட்டைப் பின்னால் மாட்டினோம். கொக்கியில் விழுந்த சத்தம் கேட்ட பிறகும் நான் இழுத்துப் பார்த்தேன், இப்போதும் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடிந்து சாயங்காலம் பாலத்துப் பக்கம் ஒரு சுற்று போவோம். மகள் வாருக்குள் தூங்கிவிடுவாள், பிறைத் தழும்பு தெருவிளக்கில் வந்து வந்து போகும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சீட்டின் விளிம்பில் கையைப் போட்டிருப்பார். விரல் சும்மா இருக்காது, மெத்தையை அமுக்குவதும் விடுவதுமாக இருக்கும்.

காருக்கான வங்கித் தவணை மாதா மாதம் தானாகப் போகிறது. பிள்ளை சீட்டுக் காசை அக்காவுக்கு என்னால் முடிந்தபோது ஐநூறும் ஆயிரமுமாகக் கொடுக்கிறேன், மீன்பிடித் தடைக்காலத்தில் கொடுக்க முடிவதில்லை. அவர் கேட்பதில்லை, மறப்பதும் இல்லை. போன வாரம் ஐநூறு கொடுத்தேன், வாங்கி மடித்து வைத்துக்கொண்டே மீதியைச் சொன்னார்: ஒன்பதாயிரத்து ஐந்நூறு.