ஜாப் ஒர்க்குக்குப் போன நாவல்

என் அண்ணன் தம்பிதுரை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சொன்னதுதான். ஊரில் இதை நல்ல குணம் என்பார்கள். கூடப் பிறந்திருந்தால்தான் அந்த இம்சை தெரியும். ஒரு தடவை மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஓட்டலில் சாம்பார் ஊசிப்போயிருந்தது. இலையை மூடிவிட்டு எழுந்தவர், "இனிச் செத்தாலும் இந்த ரோட்டுல கால் வெக்க மாட்டனுங்க" என்று முழங்கிவிட்டார். ஓட்டலைச் சொல்ல வந்தவர் கோபத்தில் ரோட்டைச் சொல்லிவிட்டார். சொன்னது சொன்னதாயிற்றே! வீடும் கம்பெனியும் அந்த ரோட்டை ஒட்டித்தான் இருக்கின்றன. இன்று வரைக்கும் ஸ்கூட்டரில் போகிறார், சிக்னல் விழுந்தால் காலை ஊன்ற மாட்டார். பக்கத்தில் நிற்கிற லாரியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். டிரைவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது.

இந்த மனுசனுக்கு ஒரே மகள், லோகப்பிரியா. போன வருசம் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பிளஸ் ஒன்னில் சிறப்புத் தமிழ் இருக்கிற குரூப்பில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தக் குரூப்புக்கு வர நினைக்கிற பிள்ளைகள் கோடை லீவில் ஒரு தடித்த நாவலைப் படித்துவிட்டு வரவேண்டும் என்று தமிழ் டீச்சர் சொல்லியிருந்தார். லோகு அதைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள், வேனில் படித்தாள், சென்னிமலைக்கு மொட்டை போடக் குடும்பத்தோடு போனபோது படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். அங்கேதான் வினை வந்தது.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அண்ணன், கூட வந்த ஒறம்பரைச் சொந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "கதைப் புத்தகம் படிக்கறதுக்கெல்லாம் ஒரு குரூப்புங்களா? என்ற புள்ளை கணக்கு குரூப்தான். அப்பறம் என்ஜினீயரிங்."

லோகு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அந்த ரத்தம்தானே!

"ஏனுங்கப்பா, இந்தப் புத்தகத்தை நீங்க படிச்சீங்களா?"

"நான் எதுக்குக் கண்ணு?"

"கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சுப்போட்டு வேண்டாம்னு சொல்லுங்க, நான் வாயத் தொறக்காம கணக்கு குரூப் போறேன். படிக்காம வேண்டாம்னு சொல்லப்படாது."

ஒறம்பரை மொத்தமும் அண்ணனைப் பார்த்தது. "சரி கண்ணு. முழுசாப் படிக்காம வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வாக்கு" என்றார். அண்ணன் கடைசியாக முழுசாகப் படித்தது ஒரு கிரைண்டரின் கேரண்டி கார்டு.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவருக்குப் பம்பு கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு ஷெட்டு, இரண்டு லேத்து, கிருபாசங்கர் என்று ஒரு ஃபோர்மேன். ஆர்டர் வந்தால் வார்ப்பு ஓரிடம், துளை போடுவது ஓரிடம், நிக்கல் பூசுவது இன்னோரிடம் என்று ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்துவிடுவார். எல்லாம் திரும்பி வந்ததும் சேர்த்து முடுக்கித் தன் பெயரை ஒட்டுவார். மறுநாளே, லோகு படித்து முடித்திருந்த நாவலையும் அப்படித்தான் செய்தார். புத்தகத்தின் முதுகில் இரும்பு அறுக்கிற ஹேக்ஸா பிளேடை வைத்து நாலாக அறுத்துவிட்டார். லோகு போட்ட கூச்சலில் தெருநாய்கள் எழுந்து ஓடின.

"ஆளுக்கு ஒரு பாகம் அவங்கவிய படிச்சுச் சொல்லட்டும். நாம அசெம்பிளி பண்ணிக்கலாம்" என்றார். "பம்புல எத்தனை பார்ட்டு நாம செய்யறோம்? ஆனா நம்ம பம்புதான கண்ணு?"

அழுது முடித்த லோகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரிங்கப்பா. ஆனா ஜாயிண்ட்டுல லீக் இருக்கப்படாது" என்றாள். கோயமுத்தூர் குசும்பு, வேறென்ன!

முதல் பாகம் கிருபாசங்கருக்கு. இரண்டாவது, ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிற வரதராஜுலுவுக்கு. அவர் அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். மூன்றாவது எனக்கு. "புவனா, நீ சும்மாதான இருக்கறே" என்று கொடுத்தார். சும்மாவா? இரண்டு மாட்டையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறேனாம்! நாலாவது, கோயமுத்தூரில் நிக்கல் பூசித் தருகிற ரசாக் பாய்க்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் அசெம்பிளி வைத்தார். கிருபாசங்கர் கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார்: "பொம்பளை பேரு சிவபாக்கியமுங்க. ஜங்ஷன்கிட்ட இட்லிக்கடை. புருசன் வேலப்பன். சண்டை போட்டு ஊட்டை உட்டு ஓடிப்போறானுங்க. மெட்டீரியல் சரியில்லைங்க."

ஈரோட்டிலிருந்து போனில் வரதராஜுலு: "ஓடிப்போனவன் செத்துப்போறானுங்க. அவ பாட்டுக்குக் கடையைப் பெருசு பண்ணிப்போடறா."

அடுத்து நான். "பல வருசம் கழிச்சு வேலப்பன் தாடியோட வந்து கதவைத் தட்டறானுங்கண்ணா. அவ உள்ள நிக்கறா. அதோட என்ற பாகம் முடியுது."

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "செத்தவன் எப்படி அம்மணி கதவைத் தட்டுவான்?"

"என்ற பாகத்துல நல்லாத்தான் நிக்கறானுங்க."

"அது வேற வேலப்பனா இருக்குமுங்க!" என்று போன் கத்தியது. "உங்க மூஞ்சி!" என்று நானும் கத்தினேன். கிளறிக் கேட்டபோது வரதராஜுலு ஒத்துக்கொண்டார். புத்தகத்தில் வேலப்பன் சாகவில்லையாம். "இப்படியாப்பட்டவன் உசுரோட இருந்து என்ன பண்ணப் போறானுங்க? நானே முடிச்சுப்போட்டேன்" என்றார்.

"அப்பா, லீக் ஆகுது" என்றாள் லோகு.

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம். "இனி நானே இன்ஸ்பெக்சன் பண்ணாம எந்தப் பார்ட்டும் உள்ள வரப்படாது" என்று கிருபாசங்கரின் பாகத்தைப் பிடுங்கிக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தார். மத்தியானம் அண்ணி சோற்றுக்குக் கூப்பிட்டதற்கு "ம்" என்றார். சாயங்காலம் கூப்பிட்டதற்கு அதுவும் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவர் இந்த உலகத்தில் இல்லை. பம்பு கேட்டு வந்தவரிடம், "கட்டுனவளைத் தனியா உட்டுப்போட்டுப் போறவன் மனுசனுங்களா?" என்று கேட்டார். வந்தவர் தன் வீட்டு விசயம் வெளியே தெரிந்துவிட்டதோ என்று மிரண்டு போய்விட்டார். சிவபாக்கியத்துக்குக் காய்ச்சல் வருகிற இடத்தில் அண்ணன் அழுதார். நானே பார்த்தேன். "எண்ணெய்ப் புகை அம்மணி" என்றார். லேத்து ஓடவே இல்லை, புகை எங்கிருந்து வரும்?

மூன்று பாகமும் முடிந்தன. தாடியோடு வேலப்பன் வாசலில் நிற்கிறான். கதவு திறக்குமா, திறக்காதா? ரசாக் பாயோ, ஜாப் ஒர்க் வழக்கப்படி, "நாளைக்கு ரெடிங்கண்ணே" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்காமல் அண்ணன், பாய் வீடு இருக்கிற கோட்டைமேட்டுக்கே ஸ்கூட்டரில் போய் இறங்கினார். அது வேறு ரோடு, தாராளமாகக் கால் வைக்கலாம். பாகம் பாயிடம் இல்லை. அதை வாங்கி வைத்துக்கொண்ட அவர் மனைவி மெஹராஜ், "முன்கதை தெரியாம எப்படிப் படிக்கறது? மத்த மூணையும் கொண்டாரச் சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். அண்ணன் மறுபேச்சில்லாமல் திரும்பி வந்து மற்ற மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அட்மிஷன் நாள் வந்துவிட்டது. நானும் காலையிலேயே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். லோகு பச்சைச் சுடிதாரில் தயாராக நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் வாயிலிருந்து என்ன வருமோ என்று அண்ணி சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ரசாக் பாய் வாசலில் வண்டியை நிறுத்தினார். கையில் நாலு பாகமும்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, லேட்டாயிருச்சு. ஊட்டுல ஒரே அழுகை. கடைசில அந்தப் பொம்பளை—"

"பாய்!" அண்ணன் பாய்ந்துபோய் அவர் வாயைப் பொத்தினார்.

கடைசிப் பாகம் இப்போது அண்ணன் கையில் இருந்தது. கட்டைவிரலால் முதல் பக்கத்தின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சாக உட்கார்ந்தால் முடிந்துவிடும். முடித்துவிட்டால் அவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஒறம்பரை முன்னால் கணக்கு குரூப் என்று சொன்ன வாயால் வேறு எதைச் சொல்வார்? அவர் லோகுவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் விறுவிறுவென்று ஷெட்டுக்குள் போனார். டூல்ஸ் பீரோவைத் திறந்து நாலாம் பாகத்தை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை என் கையில் கொடுத்தார். "நான் கேட்டாலும் குடுக்காத அம்மணி. அழுது கேட்டாலும் குடுக்காத."

"முழுசாப் படிச்சுட்டீங்களாப்பா?" என்றாள் லோகு.

"இன்னும் இல்லை கண்ணு."

"அப்ப..."

"படிக்காம எப்படி வேண்டாம்னு சொல்றது? வாக்குன்னா வாக்கு. ஏறு வண்டில."

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ரசாக் பாய் அழுதார். நான் அழுததற்கு எண்ணெய்ப் புகைதான் காரணம்.

லோகு இப்போது அதே சிறப்புத் தமிழ் குரூப்பில் பிளஸ் டூ. "ஏனுங்க தம்பிதுரை, புள்ளை கணக்கு குரூப்னு சொன்னீங்களே?" என்று யாராவது குத்திக் கேட்டால், அண்ணன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "புத்தகம் இன்னும் முடியலைங்க" என்கிறார். ஆனால் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். சாப்பிட உட்காரும்போது, "கண்ணு, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா?" என்று மெதுவாகக் கேட்பார்.

"சொல்லிரட்டுங்களாப்பா?" என்பாள் அவள்.

"அய்யோ, சொல்லிப்போடாத! அப்பறம் நீ கணக்குப் போட வேண்டி வரும்" என்று சோற்றுக் கையோடு காதைப் பொத்திக்கொள்வார். காதில் ரசம் ஒழுகும்.

சாவி என்னிடம்தானே இருக்கிறது? அன்றைக்கே பீரோவைத் திறந்து படித்துவிட்டேன். சிவபாக்கியம் கதவைத் திறந்தாளா என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். முன்னே மாதிரி இல்லை. என் அண்ணன் இப்போது கையில் கிடைப்பதையெல்லாம் படிக்கிறார்.