குதிருக்குள் மாப்பிள்ளை

சின்ன வயதில் எனக்குச் சத்தமே ஆகாது. வெடிச்சத்தம் கேட்டால் காது வலிக்கும். புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்கும். காதைப் பொத்திக்கொண்டு ஓடும் என்னைப் பார்த்து, "இவனுக்குச் சாமி வந்துடுச்சிடா" என்று ஊரே சிரிக்கும். எனக்கு ஒத்துக்கொண்ட ஒரே இடம் பின்கட்டில் நின்ற ஆளுயர மண் குதிர். நெல் தீர்ந்ததும் உள்ளே இறங்கிவிடுவேன். இருட்டில் அந்தக் குளிர்ந்த சுவரில் கன்னத்தை வைத்தால் உடம்பெல்லாம் தளர்ந்துவிடும்.

எழுபதுகளில் அக்காவுக்குக் கல்யாணம். பாகூர்ப் பக்கம் கல்யாண வீடென்றால் தென்னை மரத்தில் ரேடியோ செட் குழாய் கட்டியாக வேண்டும். விடிந்ததிலிருந்தே அது அலறியது. போதாததற்கு, மாப்பிள்ளை வந்து இறங்கியதும் வெடிக்கட்டு. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிருக்குள் குதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. நெற்றியில் சந்தனம், முகமெல்லாம் வியர்வை. மாப்பிள்ளையேதான்.

"டேய் மச்சான், உள்ள சத்தம் கேக்குதா?"

"அவ்ளோவா கேக்காது மாமா."

"கொஞ்சம் நவுரு."

பட்டு வேட்டியோடு இறங்கிக் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்டா" என்றார்.

அதற்குள் வெளியே, "மாப்ளய காணோம்!" என்று அப்பா கத்துவது நெல் தள்ளும் அடித்துவாரம் வழியாகக் கேட்டது. "பொண்ணு புடிக்கலியோ இன்னாவோ" என்றது ஒரு குரல். "கடலூர் பஸ் ஏறிட்டாருபா, என் கண்ணால பாத்தேன்" என்று பெரியப்பா சத்தியம் செய்தார். நாங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். குலுங்கியதில் தூசி கிளம்பி, மாமா பலமாகத் தும்மிவிட்டார்.

"குதிரு தும்முதுடா!" என்று அம்மா அலறினாள்.

எல்லோருக்கும் முன்னால் மாலையோடு ஓடி வந்தவள் அக்கா. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது?"

"சத்தம் தாங்கலமா."

அக்கா என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "அந்தக் கொழாய எறக்கினாதான் மணையில ஒக்காருவேன்" என்றாள்.

குழாய் இறங்கியது. மேளக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே தவிலை விரலால் மட்டும் தட்ட, தூசி அப்பிய வேட்டியோடு மாமா தாலி கட்டினார். பெரியப்பாவோ, பஸ்ஸில் ஏறியது மாப்பிள்ளைதான் என்று கடைசிவரை சாதித்தார்.

அடுத்த அறுப்பில் அம்மா அந்தக் குதிரில் நெல்லைக் கொட்டவில்லை. கேட்டவர்களிடம், "இன்னா பண்றது, மாமனும் மச்சானும் குடியிருக்காங்க" என்றாள்.