பியூலாவின் செல்கள் வந்திறங்கிய நாள்

காலை 11.20. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். 1998ஆம் வருடம். அங்கிருந்து கிழக்குத் தாம்பரம் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர்தான். அதற்குப் பிறகு காஷ்மீர் வரை போயிருக்கிறேன். ஆனால் அந்தப் பத்து கிலோமீட்டரைவிட நீண்ட பயணம் ஒன்றைச் செய்ததில்லை.

என் மனைவி பியூலா சேலையூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வாலிபால் ஆடும்போது விழுந்ததில் வலது முழங்கால் குருத்தெலும்பில் எட்டணா அளவுக்குப் பள்ளம். முப்பது வயதில் மாடிப்படி ஏற முடியவில்லை. தாம்பரத்து எலும்பு மருத்துவர் ஐந்து வாரம் முன்பு அதே முழங்காலிலிருந்து அரிசி அளவு குருத்தெலும்பைக் கிள்ளி எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அதன் செல்களைப் பிரித்து, பல லட்சமாகப் பெருக்கித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மாலை ஐந்துக்குள் அவை அவள் காலுக்குள் போயாக வேண்டும். தாண்டினால் செத்துவிடும் என்றார் மருத்துவர்.

சரக்கு ஏஜென்ட் அலுவலகத்தில் இருந்த எழுத்தர் காகிதங்களைப் புரட்டினார். ஒரு படிவத்தின் கட்டத்துக்குள் 'மனித உடல் பகுதி' என்று எழுதியிருந்தது.

"டெத் சர்டிபிகேட் எங்க சார்?"

"யாரோடது?"

"பாடி யாரோடதோ, அவங்களோடது."

"சார், அவங்க உயிரோட இருக்காங்க. தாம்பரத்துல ஆஸ்பத்திரில இருக்காங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவங்க தாம்பரத்துல இருக்காங்க. அப்ப ஜெர்மனிலேர்ந்து வந்திருக்கறது யாரு?"

ஐந்து வாரமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது: பியூலாவில் ஒரு துளி, பியூலா இல்லாமலே, கடல் தாண்டிப் போய் வளர்ந்து வந்திருக்கிறது. மருத்துவருக்குத் தொலைபேசி, அவரிடமிருந்து ஃபேக்ஸ், அந்த ஃபேக்ஸில் முத்திரை இல்லை என்று இன்னொரு ஃபேக்ஸ்.

பிற்பகல் 1.50. வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி என் கைக்கு வந்தது. ஒரு பூசணிக்காய் கனம்கூட இல்லை. ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் பேசி ஏறினேன்.

"இன்னா சார், பொட்டிய கொயந்த மாரி வெச்சிகினுகீற?" என்றார் ஓட்டுநர்.

சொன்னேன். அவர் ஆட்டோவை ஓரம்கட்டி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "மெய்யாலுமா? வூட்டுக்காரம்மா காலா?" அதன்பிறகு ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை.

2.30. பல்லாவரத்தில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து ஜி.எஸ்.டி. ரோடு அடைத்துக் கிடந்தது. இருபது நிமிடம் அசையவில்லை.

"ரோடு ஆவாது சார். ஸ்டேசன் பக்கத்துலயே கீது. எறங்கி ஓடு!"

ஓடினேன். ரயில்வே மேம்பாலப் படியில் கால் இடறி, பெட்டியை மார்போடு அணைத்தபடி நான்கு படி சரிந்தேன். முழங்கை கிழிந்தது. பெட்டி தரையில் படவில்லை. மின்சார ரயிலில் குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று மூன்றே நிலையம். மூன்றிலும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த அம்மாள் பெட்டியைப் பார்த்து, "உள்ள மீனாப்பா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

3.35. மருத்துவமனையில் மருத்துவர் என் எதிரிலேயே பெட்டியைத் திறந்தார். மூன்று சிறு குழாய்கள். இரண்டில் அரிசி கழுவிய தண்ணீர்போலக் கலங்கலாக ஏதோ இருந்தது. மூன்றாவதின் மூடி தளர்ந்து, குழாய் காலியாக, சுற்றியிருந்த பஞ்சு நனைந்திருந்தது.

"வழியில எங்கயாவது குலுங்கிச்சா?" என்றார்.

ஜெர்மனியிலிருந்து பத்திரமாக வந்ததை நான் பல்லாவரம் படியில் கொட்டிவிட்டேனோ! படியைப் பற்றிச் சொன்னேன். விமானத்திலேயேகூடத் தளர்ந்திருக்கலாம் என்றார் அவர். அவர் முகம் அதை நம்பவில்லை. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேல்சவ்வைக் கொஞ்சம் உரித்துப் பள்ளத்தின்மேல் மூடியாகத் தைத்து, அதற்கடியில் இரண்டு குழாய்ச் செல்களையும் ஊசியால் செலுத்தினார்கள். நாலே முக்காலுக்கு முடிந்தது.

பியூலாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

பத்து மாதம் கழித்து, முழங்காலுக்குள் சிறு குழாய் விட்டு, திரையில் பார்த்தார்கள். பள்ளம் நிரம்பியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் நகக்கீறல் அளவு மிச்சம். நடக்கலாம், படி ஏறலாம், மெல்ல ஓடலாம். எகிறிக் குதிக்க வேண்டாம் என்றார் மருத்துவர். வாலிபாலில் குதிக்காமல் என்ன இருக்கிறது?

அன்று முடிச்சூர் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். காலிக் குழாய், நனைந்த பஞ்சு, படி. அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன்.

"பல்லாவரம் ஸ்டேஷன்ல ஓடினீங்களா?" என்று கேட்டாள்.

"ஓடினேன்."

"நீங்களா? கல்யாணமாகி ஆறு வருஷத்துல பஸ்ஸுக்குக்கூட நீங்க ஓடி நான் பாத்ததில்லையே!"

இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எனக்கு முன்னால் அவள் எழுந்து, கம்பியைப் பிடிக்காமல் படியிறங்கினாள்.