அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு

பூரணி பதினாறு ஆண்டுகளாக மரண அறிவித்தல் எழுதி வருகிறாள். பாரிசின் லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில், ஒரு நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் இடையில் நெருக்கிக்கொண்டு நிற்கிற சின்ன அச்சகம் அது. கலியாண அழைப்பிதழ், பெரியபிள்ளையான பெண்களின் சாமத்தியவீட்டுப் பதாகை எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இறந்தவர்கள் மட்டும் பூரணியின் மேசைக்கு வருவார்கள்.

அவள் எதையும் புதிதாக எழுதுவதில்லை. பழைய அறிவித்தல் ஒன்றைத் திறந்து, அதில் உள்ள பெயர்களை அழித்துவிட்டுப் புதிய பெயர்களைப் போடுவாள். பிறந்த ஊர், வாழ்ந்த இடம், பெற்றோர், துணை, பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பின்னாலும் அடைப்புக்குறிக்குள் ஒரு நாடு வர வேண்டும். கனடா, சுவிஸ், நோர்வே, லண்டன். லண்டன் ஒரு நாடு அல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கேட்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும். ஒரே வீட்டில் ஒரே பாயில் படுத்தெழும்பிய பிள்ளைகள் மறுபடி ஒரே வரியில் வந்து நிற்பது தாயோ தகப்பனோ செத்த பிறகுதான்.

"கவனம் பூரணி," என்பார் முதலாளி கிரிகோரி. "போன மாசம் ஒரு கிழவியின்ரை மருமோனையும் காலஞ்சென்ற எண்டு போட்டுவிட்டாய். மனிசன் உயிரோடை வந்து வாசல்லை நிண்டு தன்ரை பெயரைத் தானே கிழிச்சவர்."

"அவரின்ரை மனிசி ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை."

"அவ எங்கை சொல்லுறது? சந்தோசமா இன்னும் ரெண்டு கொப்பி வாங்கிக்கொண்டெல்லோ போனவ."

அன்று செவ்வாய்க்கிழமை காலை கிரிகோரி பகிடி ஒன்றும் விடவில்லை. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். நீர்வேலியில் பூரணியின் அம்மா சிவக்கொழுந்து இறந்துபோயிருந்தார். மறுநாள் காலை செத்தவீடு. அதற்கு முன் அறிவித்தல் ஊருக்கும் இணையத்துக்கும் இங்குள்ள கடை வாசல்களுக்கும் போக வேண்டும்.

"நீ எழுத வேண்டாம் பிள்ளை. நான் அடிக்கிறன்."

"நான் அடிக்கிறன் அண்ணை. உங்களுக்கு எங்கடை ஆக்களின்ரை பெயர் தெரியாது."

அவள் அழவில்லை. அழுகை வருமோ என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை. கணினியைத் திறந்து, போன வாரம் செத்துப்போன ஒரு தபாலதிபரின் அறிவித்தலை எடுத்து, அவருடைய வாழ்க்கையை வரிவரியாக அழித்தாள். அந்த வெற்றிடத்தில் அம்மாவை இட்டாள். காலஞ்சென்ற தில்லையம்பலம் அவர்களின் அன்பு மனைவியும், சிவமணி (பிரான்ஸ்), பூரணி (பிரான்ஸ்), சேந்தன்.

அடைப்புக்குறியைத் திறந்தாள். விரல் அதிலேயே நின்றுவிட்டது.

சேந்தன் கடைக்குட்டி. முப்பத்திரண்டு வயது. பதினொரு மாதங்களுக்கு முன் பிரான்சுக்கு வருவதற்காக மொஸ்கோவுக்கு விமானம் ஏறினான். ஏஜென்சிக்காரன் சொன்ன பாதை அது. மொஸ்கோவில் கொஞ்ச நாள், பிறகு காடு, பிறகு போலந்து, பிறகு அக்கா வீடு. அந்தப் பாதையால் வந்த ஒருவனுடைய கலியாணப் பதாகையை இதே அச்சகத்தில் பார்த்துவிட்டுப் பூரணிதான் சொன்னாள்: "ரஷ்யா ரூட் நல்லமாம் தம்பி. பயப்பிடாமல் வெளிக்கிடு."

எல்லையில் ரஷ்யப் பொலிசார் பிடித்தார்கள். சிறை அல்லது கையெழுத்து என்றார்கள். ஓர் எழுத்தும் விளங்காத காகிதத்தில் சேந்தன் கையெழுத்து வைத்தான். அவனிடமிருந்து கடைசியாக வந்தது ஒரு குரல் பதிவு.

"அக்கா, சமையல் வேலை எண்டுதான் சொன்னவங்கள். இப்ப துவக்குத் தந்திருக்கிறாங்கள். இதிலை ஒருத்தனுக்கும் இங்கிலீசு தெரியாது. நாளைக்கு முன்னுக்குக் கொண்டு போறாங்களாம். அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ, என்ன? நான் உங்களோடை நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அதன் பிறகு எட்டு மாதம். எழுதாத இடமில்லை. ஒரு பதிலும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் பூரணி கிழமைக்கு ஒரு பொய் சொன்னாள். சேந்தன் இஞ்சைதான் நிக்கிறான், அகதி முகாமிலை விட்டிருக்கினம், போன் பாவிக்க விடமாட்டினம், அகதிக் கேஸ் முடியுமட்டும் ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, நல்லாச் சாப்பிடுறான், மெலிஞ்சு போனான், திரும்பவும் உடம்பு வைச்சிட்டான். கடைசி நாளிலும் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அங்கை குளிராமே, அவனிட்டைக் கம்பளிச்சட்டை இருக்கோ?"

இருந்தது. பூரணி அவனுக்காக வாங்கி வைத்த கம்பளிச்சட்டை, விலைச்சீட்டுக்கூடக் கழற்றாமல், பாரிசுக்கு வெளியே லா கூர்னெவ்வில் அவள் வீட்டு அலுமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிக்கு அண்ணன் சிவமணி வந்தான். உணவகச் சமையலறையிலிருந்து நேரே வந்திருந்தான். வெங்காய மணம் அவனைவிட முன்னே வந்தது. திரையைப் பார்த்தான்.

"ஏன் அதை விட்டு வைச்சிருக்கிறாய்?"

"என்ன போடுறது அண்ணை?"

"தெரியாத மாதிரிக் கேக்காதை. காலஞ்சென்ற சேந்தன் எண்டு போடு."

"யார் சொன்னது?"

"வீடியோ சொன்னது. நான் காட்டினனான், நீ பார்த்தனி."

பார்த்தாள்தான். டெலிகிராமில் உக்ரைன் ட்ரோன் படை போட்டிருந்த ஒளிப்பதிவு அது. இருபத்திரண்டு விநாடி. மொட்டை மரங்கள், ஒரு குழி, குழிக்குள் குந்தியிருக்கிற ஒரு மனிதன். பின்னணியில் துள்ளிசை ஒன்று சேர்த்திருந்தார்கள். கீழே சிரிக்கிற முகக்குறிகள் வரிசையாக இருந்தன. ட்ரோன் இறங்க இறங்க அந்த மனிதன் அண்ணாந்து பார்க்கிறான். பிறகு திரை வெள்ளை. முகம் தெளிவில்லை என்று அன்று அண்ணனுக்குச் சொன்னாள். அது உண்மை. முகம் தெளிவில்லைதான்.

"அம்மாவுக்குக் கொள்ளி வைக்கிறது கடைசிப் பெடியன்," என்றான் சிவமணி. "உயிரோடை இருக்கிறான் எண்டு போட்டால் ஏன் வரேல்லை எண்டு ஊர் கேக்கும். சித்தியின்ரை பெடியன் கொள்ளி வைக்கேக்கை ஆளாளுக்கு வாயைத் திறப்பினம். செத்தவன் எண்டால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"ஊர் கேக்கும் எண்டதுக்காகத் தம்பியைச் சாகடிக்கச் சொல்லுறீங்களே?"

"அப்ப என்ன நாடு போடப்போறாய்? ரஷ்யா எண்டோ? ரஷ்யாவிலையே நிக்கிறான்? உக்ரைன் எண்டோ? சொல்லன்!"

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது, ஒருவிதத்தில். லா கூர்னெவ்வில் அவளுக்கு எதிர்வீடு ஹலீனா. உக்ரைனிலிருந்து வந்தவள். ஊறவைத்த வெள்ளரிக்காயைப் போத்தலில் கொண்டு வந்து தருவாள், பூரணி மிக்சர் கொடுப்பாள். இருவருக்கும் சரிசமமான அரைகுறைப் பிரெஞ்சு. குரல் பதிவின் பின்னால் யாரோ கத்திய ஊர்ப்பெயரைக் காகிதத்தில் எழுதிப் பூரணி ஒருநாள் அவளிடம் காட்டியிருந்தாள்.

"இது எந்த நாடு?"

"எங்கள் நாடு," என்றாள் ஹலீனா உடனே. "இப்போது அங்கே ரஷ்யர்கள் நிற்கிறார்கள். என் கணவன் இதற்குப் பக்கத்தில்தான். ட்ரோன் விடுகிறான். ஏன் கேட்கிறாய்?"

"கடைக்கு வந்த ஒருவர் கேட்டார்."

அன்றிலிருந்து பூரணி அந்த வெள்ளரிக்காயைத் தொடவில்லை. எறியவும் இல்லை. லிப்டில் ஹலீனாவைக் கண்டால் தரையைப் பார்ப்பாள். கணவன் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஹலீனா மெழுகுதிரி ஏற்றுகிறாள். தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்று பூரணி விளக்கு வைக்கிறாள். ஒரு தாழ்வாரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். எந்தக் கடவுள் எந்தக் கதவைத் தட்டுவார்? முதல் சில மாதங்கள் இதை நினைத்தால் நெஞ்சு வெடிக்கும் போலிருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. பல்வைத்தியர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் தன் மனத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. உணரவில்லை.

"நேரம் போகுது பிள்ளை," என்றார் கிரிகோரி மெதுவாக. "அங்கை பின்னேரமாச்சு."

பூரணி அடைப்புக்குறிக்குள் தட்டினாள். பிரான்ஸ்.

சிவமணி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். "விசரே உனக்கு?"

"அம்மா அப்பிடி நம்பித்தான் கண்ணை மூடினவ. அவவின்ரை அறிவித்தல் இது. அவ நம்பினது இருக்கட்டும்."

"பொய்யடி!"

"ஓம். பொய்தான்."

அவள் மூடுகிற குறியைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் பாரிசில் விடிவதற்குள் நீர்வேலியில் எல்லாம் முடிந்துவிட்டது. கைபேசியில் பார்த்தாள். ஒலிபெருக்கியில் யாரோ அறிவித்தலை வாசித்தார்கள். சேந்தன், பிரான்ஸ். பறைச்சத்தத்துக்கு நடுவில் அது ஒரு சாதாரணமான, சந்தோசமான செய்திபோல் கேட்டது. சித்தி மகன் கொள்ளிக்குடத்தைத் தூக்கினான். அப்போதும் அவளுக்குக் கண் கலங்கவில்லை.

நான்காம் நாள் அச்சகத்தில் இருந்தபோது தொலைபேசி வந்தது. ஊரில் அம்மா வீட்டுக்குப் பின்வளவில் இருக்கும் யோகராணி.

"பிள்ளை பூரணி, நான் யோகராணி மாமி. கொம்மா நல்ல சாவு மோனை, கிடந்து அழுந்தாமல் போனா."

"ஓம் மாமி."

"சேந்தன் அங்கை வந்து சேர்ந்திட்டானாம், அறிவித்தல்லை பார்த்தனான். வாசிக்கேக்கை எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. ஆளைச் சத்தமில்லாமல் எடுத்துப்போட்டியள், கெட்டிக்காரர்தான்!"

பூரணி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ஒண்டு கேக்கோணும் பிள்ளை. எங்கடை பெடியன் தனோஜனுக்கும் அதே ஏஜென்சிதான். மொஸ்கோவாலை. வாற ஞாயிற்றுக்கிழமை பிளேன். அந்தப் பக்கம் சண்டை, ஆக்களைப் பிடிக்கிறாங்கள் எண்டு கதை வந்தது, இந்த மனிசன் வேண்டாமெண்டு நிண்டது. நான்தான் உங்கடை அறிவித்தலைக் காட்டினனான். இஞ்சை பார், சேந்தன் போய்ச் சேர்ந்திட்டான், பிரான்ஸ் எண்டு வடிவாப் போட்டுக்கிடக்கு எண்டு. மனிசனும் சரியெண்டிட்டுது. அவன் அங்கை வந்தால் சேந்தனோடை ஒரு அறையிலை விடலாமோ மோனை?"

அச்சு இயந்திரம் ஒரு கலியாண அழைப்பிதழைத் துப்பிக்கொண்டிருந்தது. பூரணி எழுந்து அதை நிறுத்தினாள். கிரிகோரி திரும்பிப் பார்த்தார்.

"மாமி," என்றாள். "சேந்தன் வரேல்லை."

"என்ன?"

"அவன் இஞ்சை வரேல்லை மாமி. ஒரு நாளும் வரேல்லை. அவனை ரஷ்யாக்காரர் பிடிச்சு ஆமியிலை சேர்த்தவங்கள். சண்டைக்குக் கொண்டு போனவங்கள். எட்டு மாசமா ஆள் இல்லை. நான் போட்டது பொய். தனோஜனை அனுப்பாதேங்கோ."

மறுமுனையில் ஒரு சேவல் கூவியது.

"கொம்மாவுக்கு..."

"தெரியாது."

"ஐயோ பிள்ளை." பிறகு யோகராணியின் குரல் தூரத்தில் யாரையோ கூப்பிட்டது: "தம்பி! டேய் தனோஜன்! அந்தப் பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு இஞ்சை வா. இப்ப வாடா!" தொடர்பு அறுந்துபோயிற்று.

பூரணி உட்கார்ந்தாள். அம்மாவின் அறிவித்தலைத் திறந்தாள். பிரான்ஸை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். பதினாறு ஆண்டுகளில் அந்தக் குறிகளுக்குள் அவள் எழுதியதிலேயே நீளமானதை எழுதினாள். வரி நிறைந்து அடுத்த வரிக்குப் போயிற்று. ரஷ்ய இராணுவத்தில் பலவந்தமாகச் சேர்க்கப்பட்டு உக்ரைன் போர்முனையில் காணாமற்போனவர். பழையது போன இடமெல்லாம் இதையும் அனுப்பினாள்.

"உது அறிவித்தல்லை வாற வழக்கமில்லை பிள்ளை," என்றார் கிரிகோரி. அதைச் சொல்லிவிட்டு, தானே நான்கு பிரதி அடித்துக் கொண்டுபோய்க் கடை வாசல்களில் பழையதன் மேல் ஒட்டிவிட்டு வந்தார்.

அரை மணி கழித்துச் சிவமணி அழைத்தான். ஏசுவான் என்று நினைத்து எடுத்தாள். அவன் ஏசவில்லை. பின்னால் கோப்பைகள் மோதுகிற சத்தம் கேட்டது.

"பார்த்தனான்," என்றான்.

"ம்."

"பூரணி. அந்த வீடியோவிலை நீ அவனைக் கண்டனிதானே? உண்மையைச் சொல்லு."

வெளியே ஒருவர் புதிதாக ஒட்டிய தாளை நின்று வாசித்துக்கொண்டிருந்தார். வாசித்து முடித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"முகம் தெரியேல்லை அண்ணை," என்றாள். "ஆனால் குதிக்கால் ரெண்டும் நிலத்திலை முட்டக் குந்தியிருந்தவன். சேந்தன் வீட்டு முற்றத்திலை அப்பிடித்தான் குந்துறவன்."

அங்கே கோப்பைச் சத்தம் நின்றது. இருவரும் தொலைபேசியை வைக்காமல் அப்படியே இருந்தார்கள்.